ரங்கெலின் வலது உள்ளங்கை

எங்கள் பணிமனையில் பன்னிரண்டு டிப்பர் லாரிகள் இருந்தன. பெர்கோவிட்சா நகரத்துக்கு மேலே மலையில் உள்ள குவாரியில் ஜல்லி ஏற்றி, பெட்ரோஹான் கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கான்கிரீட் ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்புவது அவற்றின் வேலை. மூன்று வருடங்களில் பதினொரு லாரிகள் விற்கப்பட்டு, கிளட்ச் இல்லாத பதினொன்று அந்த இடத்துக்கு வந்தன. மிச்சமிருந்த பழைய லாரியை ரங்கெல் ஓட்டினான். ஓய்வூதியத்துக்கு அவனுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் பாக்கி இருந்தன.

அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, அறுபத்து மூன்று. அரசுப் போக்குவரத்துக் கழகம் இருந்த காலத்தில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் லாரியில் ஏறினான், நான் ஸ்பானரோடு லாரிக்கு அடியில் போனேன். கழகம் மூடப்பட்டபின் ஏழு வருடங்கள் அவன் கிடைத்தவர்களிடமெல்லாம் காகிதம் எதுவும் இல்லாமல் ஓட்டினான். அந்த ஏழு வருடங்கள் ஓய்வூதியத்தில் சேரவில்லை. அதனால்தான் மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்ட வயதிலும் அவனுக்கு ஒவ்வொரு மாதமும் தேவையாக இருந்தது.

புது லாரிகள் வந்த முதல் வாரத்தில் பணிமனை முழுவதும் சிரிப்பாக இருந்தது. முப்பது வருடம் கிளட்ச் மிதித்த இடது கால்கள் சும்மா இருக்குமா? வாசலில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஒவ்வொருவரும் வெறும் தரையை ஓங்கி மிதித்தார்கள். கிரில் என்ற டிரைவர் பழகிக்கொள்வதற்காக மச்சினனின் ஆட்டோமேட்டிக் காரை வாங்கி ஓட்டிப் பார்த்தான். கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதித்தான். பின்சீட்டில் இருந்த மாமியார் முன்சீட்டுக்கு வந்துவிட்டார்.

"நல்லவேளை, முன்கண்ணாடி இருந்துச்சு" என்றான் கிரில். "இல்லேன்னா அடுத்த ஊரு மொன்டானாவுக்கே போய்ச் சேர்ந்திருப்பாங்க."

ரங்கெல் மட்டும் புது வண்டி வேண்டாம் என்றான். "அண்ணனுக்கு அந்தக் கியர் கம்பிதான் ரெண்டாவது சம்சாரம்" என்று கிரில் கேலி செய்தான். "கைய எடுத்தா கோவிச்சுக்கும்."

"மொதல் சம்சாரம் கைய வெச்சாத்தான்டா கோவிச்சுக்குவா" என்றான் ரங்கெல்.

யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அதை மரியாதை என்று நினைத்தோம்.

புது லாரிகளோடு ஜெர்மனியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். எல்லா டிரைவர்களையும் வரிசையாக நிற்கவைத்து, லாரியின் ஜல்லித் தொட்டியை மேலே தூக்கிக் காட்டினார். தொட்டி முழுவதும் இறங்காமல் வண்டியை நகர்த்தினால் உள்ளே ஒரு மணி கத்தும். அதைக் கத்தவிட்டு, "எல்லோருக்கும் கேட்டதா?" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். 'கேட்டது' என்று எல்லோரும் எங்கள் வழக்கப்படி பக்கவாட்டில் தலையாட்டினார்கள். அவர் ஊரில் அப்படி ஆட்டினால் 'இல்லை' என்று அர்த்தம். பாவம், மறுபடி கத்தவிட்டார். மறுபடி ஆட்டினார்கள். மூன்றாவது தடவை அவருக்கு வியர்த்துவிட்டது. அன்று ரங்கெலும் ஆட்டினான், ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருந்த கிரிலை ஒரு கணம் பார்த்துவிட்டு. நான் அதைக் கவனித்தேன். அர்த்தம் பிறகுதான் தெரிந்தது.

அதைத் தெரிவித்தது கியர் பெட்டிதான்.

ஓட்டும்போது கியர் கம்பியின்மேல் கையை வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. கம்பிக்குக் கீழே, பெட்டிக்குள், கவட்டை போன்ற ஓர் இரும்புக் கவை சுழலும் வளையத்தைப் பிடித்திருக்கிறது. மாற்றும் நேரத்தில் மட்டும் அது வளையத்தைத் தொட வேண்டும். கையின் பாரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கவை வளையத்தின்மேல் உரசிக்கொண்டே இருக்கும், உரசினால் தேயும். ரங்கெலின் வண்டியில் இருபது வருடங்கள் இந்தக் கவைகள் புதிதுபோல இருந்தன. கடைசி நான்கு வருடங்களில் அவன் பெட்டியை மூன்று முறை திறந்தேன். மூன்று முறையும் கவைகள் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தன. மூன்றாவது முறை அளந்து பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் போயிருந்தது.

ஒரு டிரைவர் இந்தப் பழக்கத்தோடு வரலாம். அறுபது வயதில் புதிதாகப் பிடித்துக்கொள்ள மாட்டான். காரணம் தெரியாமல் நான்காவது கவையைப் போட எனக்கு மனமில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அவனோடு ஏறி உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் லாரிகளில் டிரைவர் இடப்பக்கம் உட்காருவார், கம்பி வலது கைக்கு வரும். கணவாய் ஏறும்வரை அவன் வலது கை கம்பியை விட்டு நகரவே இல்லை. கம்பியைப் பிடிக்கவில்லை. அதன் குமிழின்மேல் உள்ளங்கையைப் படர வைத்திருந்தான், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவன் மாதிரி. பின்னால் ஒரு கார் வழி கேட்டு நீளமாக ஹாரன் அடித்தது. அவன் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்து ஒதுங்கினான். நான் என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ரங்கெல், உன் வீடு பத்திக்கிட்டு எரியுது" என்றேன்.

அவன் நிதானமாக நாலாவது கியருக்கு மாற்றினான்.

கணவாயின் உச்சியில் குடல் சூப் கடையில் நிறுத்தினோம். எதிரே உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "எப்பத்துலேருந்து?"

அவன் நடிக்கவில்லை. "இடது காது ஆறு வருசமா. வலது நாலு."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"குவாரில வெடி வெச்சா நெஞ்சுல கேக்கும்." சூப்பில் பூண்டு ஊறிய வினிகரை ஊற்றிக்கொண்டான். "நீ பேசுறது உன் வாயில தெரியுது. மீசைய மட்டும் கொஞ்சம் வெட்டு."

"வண்டிய எப்படிடா ஓட்டுற?"

வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "இதுல வந்துரும். எஞ்சின் திணறுதா, எப்ப மாத்தணும், தொட்டி பம்ப் இன்னும் ஓடுதா, பின்சக்கரத்துல கல்லு மாட்டியிருக்கா, எல்லாமே. மத்ததுக்குக் கண்ணாடி இருக்கு. உன்னைவிட நல்லா ஓட்டுறேன்."

"நான் ஓட்டுறதே இல்லையே."

"அதத்தான் சொல்றேன்."

கடைசி மருத்துவப் பரிசோதனையில், அப்போது இன்னும் கேட்டுக்கொண்டிருந்த வலது காதைத் திருப்பிக் காட்டித் தப்பித்திருந்தான். அடுத்தது வருவதற்குள் ஓய்வு பெற்றுவிடுவான். புது வண்டியில் கம்பி கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குமிழ், அதைத் திருகினால் போதும், அதில் எதுவும் அதிராது. இதையெல்லாம் அவனே சொன்னான். பிறகு கரண்டியைக் கீழே வைத்தான்.

"பதினாலு மாசம், அசென். அதுவரைக்கும் அந்தப் பெட்டியப் பாத்துக்க. வேற எதுவும் உன்கிட்ட கேக்கல."

சரி என்றேன். அடுத்த வாரம் நான்காவது கவையைப் போட்டேன். முதலாளி கெர்கினோவ் நாற்பது வயதுக்காரர், அவசரக்காரர். "மேஸ்திரி, இந்தப் பெட்டிக்குள்ள என்ன புதையலா இருக்கு?" என்றார். "இன்னொரு தடவை திறக்கணும்னா வண்டியையே வித்துருவேன்."

அந்தக் கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரங்கெலின் வீட்டுக்குப் போனேன். மனைவி வெலிச்காவுக்கு எல்லாம் தெரியும். சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் அவள் மரத்தரையைக் குதிகாலால் இரண்டு தட்டு தட்டுவாள். அவன் எழுந்து வருவான்.

"நாப்பது வருசமா நான் சொன்ன எதையும் இந்த மனுசன் கேட்டதில்ல" என்பாள். "இப்ப அதுக்கு ஒரு காரணம் கெடச்சிருக்கு, அவ்வளவுதான்."

அவள் எதையும் இப்படித்தான் சொல்வாள். அவன் தோட்டத்துக்குப் போனபின் குரல் மாறும். "நல்லா ஓட்டுறாராண்ணே? உங்களுக்குத் தெரியும்ல?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். நல்லா ஓட்டுகிறான் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். அது உண்மையும்கூட.

மகள் ஸ்பெயினில் இருந்தாள். பேத்திக்கு ஐந்து வயது. அவள் பேசும்போது வெலிச்கா போனில் ஸ்பீக்கரைப் போட்டு அவனிடம் நீட்டுவாள். அவன் அதைக் காதில் வைக்க மாட்டான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

"என்ன சொல்றா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெறைய சொல்றா" என்றான்.

நவம்பரில் அது நடந்தது. எடைமேடையில் பென்கா என்ற பெண் சீட்டு எழுதுவாள். காலை மூடுபனியில், கையெழுத்து வாங்க மறந்த ஒரு சீட்டோடு ரங்கெலின் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தாள். அவன் பின்னோக்கி எடுத்தான். அவளுக்குப் பின்னால் இரும்புத் தூண். அவள் கத்தினாள். வண்டி வந்துகொண்டே இருந்தது. அவளுடைய சிவப்புத் தலைத்துணி கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் நின்றது. தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் அவளும் ஒரு சாண் இடமும் மட்டும் இருந்தது.

நேராக என்னிடம் வந்தாள். "கத்துனேண்ணே, தொண்டை கிழியக் கத்துனேன். அந்த ஆளுக்கு என்ன, காது செவிடா?"

"எஞ்சின் சத்தத்துல கேட்டிருக்காதும்மா" என்றேன்.

முப்பத்தொன்பது வருடங்களில் நான் பார்க்காத பழுதை எழுதியதில்லை. பார்த்ததை எழுதாமல் விட்டதும் இல்லை. அன்று பென்காவுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு நான் சொன்னதுதான் என் முதல் பொய்.

மாலையில் ரங்கெலிடம் பேசினேன்.

"நின்னுச்சுல்ல?" என்றான்.

"ஒரு சாண்டா."

"ஒரு சாணும் எடம்தான்." ஆனால் அவன் முகம் வெளுத்திருந்தது. அன்றிலிருந்து பின்னோக்கி எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் இறங்கி வண்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு ஏறினான். மற்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

எனக்குத் தூக்கம் குறைந்தது. முதலாளியிடம் சொன்னால் அன்றே அவனை இறக்கிவிடுவார், ஓய்வூதியம் கைக்கெட்டாமல் போகும். சொல்லாவிட்டால் அடுத்த தடவை அந்த ஒரு சாண் இல்லாமல் போகலாம். இரண்டில் எதைச் செய்யவும் எனக்குத் துணிவில்லை.

பிப்ரவரியில், இறக்கத்தில் வரும்போது, ஐந்தாவது கியர் தானாகக் கழன்றது. அவன் எப்படியோ பிரேக்கிலேயே வண்டியைக் கீழே கொண்டுவந்தான். பெட்டியைத் திறந்தேன். கவை தேய்ந்திருந்தது, ஒரு வளையத்தின் பற்கள் மழுங்கியிருந்தன. விற்ற லாரிகளில் ஒன்றின் கியர் பெட்டி உதிரிக்காகக் கொட்டகையில் கிடந்தது. அதிலிருந்து கழற்றிப் போட்டால் இரண்டு நாள் வேலை. முதலாளி முணுமுணுப்பார், நான் பேசினால் கேட்பார்.

திறந்த பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். இந்த வண்டி போய்விட்டால் கம்பி இல்லாத வண்டியை ரங்கெலால் ஓட்ட முடியாது, அது அவனுக்கே தெரியும். முதுகு வலி என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி விடுப்பில் போவான். இன்னும் நான்கு மாதங்கள்தானே, விடுப்பிலேயே கழிந்துவிடும். ஓய்வூதியமும் வரும், யாருக்கும் எதுவும் ஆகாது, நானும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இப்படி எல்லாவற்றையும் அவனுக்காக நானே யோசித்து முடித்தேன். அவனிடம் கேட்கவில்லை. தாளை எடுத்து, 'கியர் பெட்டி பழுது பார்க்க இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

லாரியை ஒரு வாரத்தில் இழுத்துக்கொண்டு போனார்கள். ரங்கெல் வாசல்வரை அதன் பக்கத்திலேயே நடந்து போனான்.

மறுநாள் காலை, அதற்குப் பதிலாக வந்த புது லாரியில் அவன் ஏறினான். நான் ஓடிப்போய்ப் படியில் நின்றேன். அவன் உட்கார்ந்ததும் வலது கை பழக்கத்தில் கீழே இறங்கியது. அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டுத் தொடையின்மேல் போய் உட்கார்ந்தது.

"எறங்குடா" என்றேன். "டாக்டர்கிட்ட போ. முதுகு வலின்னு சொல்லு. நாலு மாசம்தான்."

"முப்பத்தொம்பது வருசத்துல ஒரு நாள் பொய் லீவு போட்டதில்ல. இப்பப் போடவா?"

"இது மட்டும் பொய் இல்லையா?"

"இது ஓட்டுறது" என்றான். "கதவச் சாத்து."

நான் நினைக்காதது இது ஒன்றுதான். இவ்வளவு வருடம் பழகியும்.

பத்து நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளையும் விளக்குகளையும் பார்த்து ஓட்டினான். சாயங்காலம் இறங்கும்போது கண்கள் சிவந்திருக்கும். "கண்ணாலேயே கேக்க வேண்டியிருக்கு" என்று ஒருநாள் சொன்னான். "கண்ணு வலிக்குது."

பதினோராம் நாள், மார்ச் மாதத்து முதல் வாரம், கான்கிரீட் ஆலையில் ஜல்லியைக் கொட்டினான். தொட்டியை இறக்கும் பொத்தானை அழுத்தினான். விரலை எடுப்பதில் அவன் கொஞ்சம் முந்திவிட்டானோ என்னவோ, தொட்டி பாதியில் நின்றது. பழைய வண்டியாக இருந்தால் பம்பின் நடுக்கம் கம்பியில் ஏறி அவன் கைக்கு வந்திருக்கும். இதில் மணி கத்தியது. ஒரு சிவப்பு விளக்கும் எரிந்திருக்க வேண்டும், ஆனால் வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவன் வண்டியை எடுத்தான். ஆலையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த மணியைக் கேட்டார்கள், கத்தினார்கள். வாயில் காவலர் கைகளை வீசிக்கொண்டு குறுக்கே ஓடினார். ரங்கெல் அவரைப் பார்த்து பிரேக்கை மிதித்த நேரத்தில் தூக்கியிருந்த தொட்டி, வாயிலுக்கு மேலே போகும் மணல் கன்வேயரில் மோதிவிட்டது. கன்வேயர் சரிந்தது. காவலரின் இடது கால் இரண்டு இடங்களில் முறிந்தது.

மூன்றாம் நாள் முதலாளியின் அறையில் கூடினோம். ஆலையிலிருந்து வந்தவர், முதலாளி, ரங்கெல், நான். ரங்கெலின் காதுக்குப் பின்னால் முதலாளி ஒரு சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பார்த்தார். அவன் அசையவில்லை. முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தனை வருசமா? யாருக்குமே தெரியாதா?" என்னைப் பார்த்தார். "மேஸ்திரி, நீங்க அவர் சிநேகிதர். உங்களுக்குத் தெரியுமா?"

ரங்கெல் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாது" என்றேன்.

அவன் கண்ணை எடுக்காமல், யாரும் கேட்பதற்கு முன்பே, கொஞ்சம் உரக்கச் சொன்னான். "யாருக்கும் தெரியாது. நான் நல்லா மறச்சேன்."

உரிமத்தைப் பறித்தார்கள். வேலை போயிற்று. காவலரின் காலுக்காக வழக்கு நடந்தது, தண்டனையை நிறுத்திவைத்தார்கள். ஓய்வூதியத்துக்கு மூன்றரை மாதங்கள் குறைந்தன. அந்த வயதில், காது கேட்காதவனுக்கு, அந்த மூன்றரை மாதத்தைக் கொடுக்க பெர்கோவிட்சாவில் யாரும் இல்லை. காவலரைப் பார்க்க அவன் ஆஸ்பத்திரிக்குப் போனதாக வெலிச்கா சொன்னாள். அவர் இவனைத் திட்டினாராம், நெடுநேரம். இவன் ஒரு வார்த்தை விடாமல் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தியிருந்தேன். ஜூன் கடைசியில்தான் போனேன். வெலிச்கா வாசலில் நின்று, "ராஸ்பெர்ரி தோட்டத்துல இருக்காரு, கூலிக்கு" என்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

நகரத்துக்கு வெளியே, மலைச்சரிவில், பழம் பறிக்கும் பெண்களுக்கு நடுவே அவன் நின்றிருந்தான். இடுப்பில் வாளி கட்டியிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"வா" என்றான். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பெட்டி. நெசமாவே முடிஞ்சு போச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னேன்.

"தரையப் பாத்துச் சொன்னா எனக்கு ஆகாது. தலையத் தூக்கு."

தூக்கினேன். அவனுக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக, வாயைத் திறந்து சொன்னேன். "இல்ல. சரி பண்ணியிருக்கலாம். ரெண்டு நாள் வேலை."

என் வாய் மூடியபிறகும் அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன்.

"ஏன்?"

பென்காவைச் சொன்னேன். அந்த ஒரு சாணைச் சொன்னேன். விடுப்பு, நான்கு மாதங்கள், அவனுக்காக நான் யோசித்தது எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாகச் சொல்ல வேண்டியிருந்ததால் நேரம் பிடித்தது. அடுத்த வரிசையில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கும் கேட்டது. அவன் கடைசிவரை பார்த்தான்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றான்.

"கேட்டா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்ட."

"ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்." ஒரு பழத்தைப் பறித்து வாளியில் போட்டான். "ஆனா கேட்டிருக்கலாம். எனக்குக் கேக்காதுன்னு ஊருக்கெல்லாம் இப்பத்தான் தெரியும். உனக்கு அப்பவே தெரியும். நீயும் என்கிட்ட பேசாம விட்டா நான் யாரு வாயப் பாக்குறது?"

பிறகு செடிகள் பக்கம் திரும்பிப் பறிக்க ஆரம்பித்தான். எனக்கு இன்னும் சொல்ல இருந்தது. அவன் முதுகுதான் என் பக்கம் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பெண்களில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி அவன் தோளைத் தொட்டு என்னைக் காட்டக் கையை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

அவன் அந்த வரிசையை முடித்து அடுத்ததற்குள் போகும்வரை நின்றிருந்தேன்.